அளவுப் புத்தகத்தை யார் பார்ப்பது? உள்ளூர்ப் பணிகளின் கண்காணிப்பும் மதிப்பீடும்

ஓர் ஊராட்சியில் 100 மீட்டர் நீளத்துக்கு, 3 மீட்டர் அகலத்தில் சிமெண்ட் சாலை போடுகிறார்கள். எஸ்டிமேட்டில் கான்கிரீட்டின் கனம் 15 சென்டிமீட்டர். அப்படியானால் 45 கனமீட்டர் கான்கிரீட் இறங்க வேண்டும். கனத்தை 12 சென்டிமீட்டராகக் குறைத்தால் 36 கனமீட்டர் போதும். மேலே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சாலைதான். வித்தியாசம் வெளியே தெரிய இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். அதற்குள் பில் பாஸாகி, ஒப்பந்ததாரர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அளந்து எழுதிய ஓவர்சியர் வேறு ஒன்றியத்துக்கு மாறியிருப்பார்.

பொதுப் பணத்தில் நடக்கும் உள்ளூர்ப் பணிகளின் இயல்பே இதுதான். ஒவ்வொன்றின் தொகையும் சிறியது, எண்ணிக்கையோ பெரியது, விலை மதிப்புள்ள பகுதி மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. அணைக்கும் மேம்பாலத்துக்கும் நிபுணர் குழு வரும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். சில லட்ச ரூபாயில் கட்டும் கழிவுநீர்க் கால்வாயைப் பார்க்க அப்படி யாரும் வருவதில்லை. ஆனால் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உள்ள தமிழ்நாட்டில் மக்கள் அன்றாடம் மிதிப்பதும் குடிப்பதும் நனைவதும் இந்தச் சிறிய பணிகளில்தான்.

இவற்றைக் கண்காணிக்க நம்மிடம் சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது, படிவம் இருக்கிறது, இப்போது செயலியும் இருக்கிறது. பார்ப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், வேலையின் எந்தக் கட்டத்தில் பார்க்கிறார், அவர் கண்டு சொன்னபின் என்ன நடக்கிறது என்ற மூன்று கேள்விகளில்தான் நாம் வழுக்குகிறோம். இந்தியாவின் எழுபதாண்டு அனுபவமும் பிற நாடுகளின் கள ஆய்வுகளும் இந்த மூன்றையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

தொடக்கம் மோசமாக இல்லை. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதே மாதம் திட்டக் குழுவின் கீழ் அதை மதிப்பிடுவதற்கென்றே ஓர் அமைப்பும் உருவாயிற்று. திட்டத்தை நடத்தும் நிர்வாகத்துக்கு வெளியே நின்று மதிப்பிட்ட அந்த அமைப்பின் அறிக்கைகள் பூசி மெழுகவில்லை. மக்கள் பங்கேற்பு மெலிந்திருப்பதையும், பயன் வசதியான விவசாயிகள் பக்கமே சாய்வதையும் எழுதின. பிறகு பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் அறிக்கை தந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளின் கையில் அதிகாரம் போகாமல் ஊர் வளர்ச்சி நிலைக்காது என்று அது சொன்னது. பஞ்சாயத்து ராஜ் பிறந்தது அந்த வழியில்தான். ஒரு திட்டத்தின் குறையை நேர்மையாக எழுதினால் ஆட்சி அமைப்பே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் வரலாற்றில் அரிது.

அந்த வேகம் பின்னால் தேய்ந்துவிட்டது. 2013 வாக்கில் தனித்து இயங்கும் மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றை ஒன்றிய அரசு தொடங்கியது. அது நெடுநாள் நிற்கவில்லை. 2015இல் பழைய அமைப்பும் இதுவும் ஒன்றாக்கப்பட்டு நிதி ஆயோக்கின் கீழ் வந்தன. தமிழ்நாட்டிலும் மதிப்பீடு மற்றும் செயல்முறை ஆராய்ச்சித் துறை என்று ஒன்று இருக்கிறது. அதன் அறிக்கைகள் கிராம சபையில் வாசிக்கப்பட்டு விவாதமாவதை யாரும் எதிர்பார்ப்பதுகூட இல்லை என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

இனி, அரசின் அன்றாட ஏற்பாட்டைப் பார்க்கலாம். எஸ்டிமேட் தயாராகிறது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று காகிதம் நகர்கிறது. வேலை நடக்கும்போது ஓவர்சியர் அளந்து, அளவுப் புத்தகத்தில், எல்லோரும் எம்-புக் என்று சொல்வதில், பதிகிறார். மேல்நிலைப் பொறியாளர் அதில் ஒரு பகுதியைச் சரிபார்க்கிறார். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் பில் எழுதப்படுகிறது. ஆகவே உள்ளூர்ப் பணியின் உயிர்நாடி அந்தப் புத்தகம். குழியின் ஆழம், கிராவலின் கனம், ஜல்லி விரிப்பு, கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றை அடுத்த அடுக்கு மூடுவதற்குள் அளந்தால்தான் உண்டு. ஆனால் ஒரே ஓவர்சியரின் பொறுப்பில் பல ஊராட்சிகளின் பணிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கான்கிரீட் கலவை இயந்திரம் காலை 7 மணிக்கு ஓர் ஊரில் சுழலத் தொடங்கும்போது அவர் வேறோர் ஊரில் வீட்டு வசதித் திட்டத்தின் அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எஸ்டிமேட்டில் உள்ள அளவே எம்-புக்கிலும் ஏறிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. தனிமனித நேர்மையை மட்டும் பேசி இதைக் கடக்க முடியாது. ஓர் ஆளுக்கு இத்தனை பணிதான் என்ற வரம்பு வேண்டும்.

தணிக்கை இதற்கெல்லாம் பிறகு வருகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினர் தீர்மானம், பில், கையெழுத்து, ரசீது ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். குறை கண்டால் தணிக்கைத் தடை எழுதுகிறார்கள். காகிதம் சரியாக இருந்தால் தடை இல்லை. 15 சென்டிமீட்டர் என்று எழுதிய இடத்தில் 12 இருப்பதைக் காகிதம் காட்டாது. எழுதப்பட்ட தடைகளும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்கின்றன. தொடர்புடையவர் மாறுதலாகி, ஓய்வு பெற்ற பிறகு பதில் கேட்டு என்ன பயன்?

தொகுதி மேம்பாட்டு நிதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 1993 டிசம்பரில் ஆளுக்கு 5 லட்ச ரூபாயாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே 1 கோடி, 1998இல் 2 கோடி, 2011இல் 5 கோடி. தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 கோடி. பணியைப் பரிந்துரைப்பவர் உறுப்பினர். நடத்துபவர் மாவட்ட நிர்வாகம். ஆய்வு செய்ய வேண்டியவரும் அதே மாவட்ட நிர்வாகம்தான். நடக்கும் பணிகளில் குறைந்தது 10 சதவீதத்தை ஆண்டுதோறும் நேரில் பார்க்க வேண்டும் என்று எம்.பி. நிதியின் வழிகாட்டி நெறி விதித்திருந்தது. அந்தச் சிறு இலக்குகூடப் பல மாவட்டங்களில் எட்டப்படவில்லை என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சுட்டியிருக்கிறார். 2007இல் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இந்த நிதியையே கைவிடச் சொன்னது. 2010இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பொறுப்புக்கூறலுக்கான படிகள் திட்டத்திலேயே இருக்கின்றன என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டது. படிகள் இருக்கின்றன என்பது உண்மை. அவற்றில் யாராவது ஏறுகிறார்களா என்று தொடர்ந்து பார்க்கும் பொறுப்பை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

இதற்கு ஒரு மாற்று வடிவம் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் திட்டத்தில் தரக் கண்காணிப்பு மூன்று அடுக்காக அமைந்தது. பணியை நடத்தும் பொறியாளர்கள் முதல் அடுக்கு. அவர்களுக்குக் கட்டுப்படாத மாநிலத் தரக் கண்காணிப்பாளர்கள் இரண்டாவது. வெளியிலிருந்து வரும் தேசியத் தரக் கண்காணிப்பாளர்கள் மூன்றாவது. அவர்கள் சாலையை ஆங்காங்கே தோண்டி, அடுக்குகளை அளந்து தரம் குறிக்கிறார்கள். சாலை போட்டவரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் சேர்ந்தது. குறைகள் இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்ப்பவரையும் செய்பவரையும் பிரித்ததும், வேலையின் ஆயுளை ஒப்பந்ததாரரின் பணத்தோடு கட்டியதும் சரியான திசை. நம் ஊராட்சி ஒன்றியப் பணிகளுக்கு இந்த அளவுக்கு யாரும் மெனக்கெட்டதில்லை.

வெளியாரை வைத்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் போதுமா என்பதற்குக் குஜராத்தில் நடந்த ஆய்வு தெளிவான விடை தருகிறது. அங்கே தொழிற்சாலைகளின் மாசை அளக்கும் தணிக்கையாளரைத் தொழிற்சாலையே தேர்ந்தெடுத்து, சம்பளமும் கொடுத்துவந்தது. அளவுகள் வரம்புக்குச் சற்றே கீழே வந்து குவிந்தன. எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஏற்பாட்டை மாற்றிப் பார்த்தார்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பொது நிதியிலிருந்து சம்பளம் தந்தார்கள். சில இடங்களில் மறுபடி அளந்து சரிபார்த்தார்கள். அறிக்கைகள் உண்மைக்கு நெருங்கி வந்தன, தொழிற்சாலைகளின் மாசும் குறைந்தது. ஒப்பந்ததாரரே ஆய்வுக்கூடத்தைப் பிடித்து கான்கிரீட் கட்டிகளைச் சோதித்துச் சான்று வாங்கித் தரும் பழக்கத்தை இந்த வெளிச்சத்தில் மறுபடி யோசிக்க வேண்டும்.

அரசு அரசைப் பார்ப்பது ஒரு வழி என்றால், ஊரே பார்ப்பது இன்னொரு வழி. அதன் ஊற்று ராஜஸ்தான். 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்தின் கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர்க்காரர்கள் நடுவே உரக்க வாசித்தார்கள். அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று பட்டியலில் பெயர் இருந்தவர்களே எழுந்து சொன்னார்கள். எழுத்தறிவு இல்லாதவரும் தணிக்கையாளராக முடியும் என்பதை அந்தக் கூட்டம் காட்டியது. தகவல் உரிமைப் போராட்டம் அங்கிருந்து வளர்ந்து 2005இல் சட்டமாயிற்று. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 2011இல் அதற்கு விதிகள் வந்தன.

ஒன்றுபட்ட ஆந்திரம் இதை முழு மனதோடு எடுத்துக்கொண்டது. உழைப்பாளர் குடும்பங்களின் படித்த இளைஞர்களைப் பயிற்றுவித்து, அவர்கள் ஊரல்லாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய் வேலை அட்டையையும் கூலியையும் ஒத்துப் பார்த்து, முடிவை மண்டல அளவிலான பொதுக்கூட்டத்தில் வைத்தார்கள். ஃபர்ஸானா அஃப்ரிதி, வேகார்டு ஐவர்சன் ஆகிய இருவரும் 2006 முதல் 2010 வரையிலான அந்தத் தணிக்கை அறிக்கைகளை அலசினார்கள். எளிதில் பிடிபடும் கூலி முறைகேடுகள் அடுத்தடுத்த சுற்றுகளில் குறைந்தன. பிடிக்கக் கடினமான பொருள் கொள்முதல் முறைகேடுகள் ஏறின. மீட்கப்பட்ட பணமும் தண்டிக்கப்பட்டவர்களும் மிகச் சொற்பம். மக்கள் கண்டுபிடித்தார்கள், நிர்வாகம் வசூலிக்கவில்லை. சமூகத் தணிக்கை தோற்றது என்று இதை வாசிப்பது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தமிழ்நாட்டில் சமூகத் தணிக்கைக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. கிராம சபையும் ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி அலுவலகத்தின் முன் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி. செயலர் வரவு செலவைத் தலைப்புவாரியாக வேகமாக வாசிக்கிறார். பொது நிதி, குடிநீர், தெருவிளக்கு என்று தொகைகள் கடந்து போகின்றன. எந்தத் தெருவில் எத்தனை மீட்டர், என்ன கனம் என்பது அதில் இல்லை. பெண்கள் எழுந்து குடிநீரைப் பற்றியும் சுடுகாட்டுப் பாதையைப் பற்றியும் கேட்கிறார்கள். கோரிக்கையாக அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. போன கூட்டத்தில் கேட்டது என்னவாயிற்று என்ற கேள்விக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் அரிது. கேள்வி கேட்பவர் அடுத்த நாள் அதே தலைவரிடம் வீட்டு வரி ரசீதுக்கும், அதே செயலரிடம் குடிநீர் இணைப்புக்கும் போய் நிற்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சாதி வழி ஒதுக்கப்பட்ட தெருக்காரர்களுக்கு இந்த அச்சம் இரட்டிப்பு.

இன்னொன்றும் உண்டு. 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. செலவு செய்பவரும் அலுவலர், பதில் சொல்ல வேண்டியவரும் அலுவலர் என்றானபின் கிராம சபை யாரைக் கேட்கும்? உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைக் கட்சி அரசியலாக மட்டும் பார்க்கிறோம். அது கண்காணிப்பின் அடிக்கல்லையே பெயர்த்தெடுப்பது.

மக்கள் கண்காணிப்பு பெரிதா, மேலிருந்து வரும் தணிக்கை பெரிதா என்ற விவாதத்தில் அடிக்கடி மேற்கோளாகும் ஆய்வு இந்தோனேசியாவுடையது. பெஞ்சமின் ஓல்கன் ஜாவாவின் 608 கிராமங்களில் சாலைப் பணிகளை எடுத்துக்கொண்டார். பொறியாளர்கள் சாலையைப் பல இடங்களில் தோண்டி, உள்ளே கிடந்த கல்லையும் மணலையும் அளந்து, கணக்கில் காட்டியதோடு ஒப்பிட்டார்கள். இயல்பாக எவ்வளவு பொருள் வீணாகும் என்று அறியத் தாமே சிறிய சோதனைச் சாலைகளையும் போட்டுப் பார்த்தார்கள். சில கிராமங்களில் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்ததும், காணாமல் போன செலவு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க் கூட்டத்துக்கு அதிகம் பேரை அழைத்ததால் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு மக்களால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் அதே ஆய்வின் இன்னொரு பகுதியைத் தவிர்த்துவிடுகிறார்கள். பெயர் எழுதத் தேவையில்லாத கருத்துப் படிவங்களை ஊர்த் தலைவர்கள் வழியாகக் கொடுக்காமல் பள்ளிக் குழந்தைகள் வழியாக வீடுகளுக்கு அனுப்பிய இடங்களில் பலன் கிடைத்தது. தணிக்கை உறுதியான கிராமங்களில் பணியை நடத்துவோரின் உறவினர்களுக்கு வேலை தருவது கூடியது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு வாசலை அடைத்தால் சலுகை வேறு வாசல் தேடும்.

கணக்கை ஊரறிய வெளியிட்டால் என்னாகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு ஒதுக்கிய தலைவீத மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளை எட்டியது. மாவட்டங்களுக்கு அனுப்பிய தொகையை அரசு நாளிதழ்களில் அச்சிடவும் பள்ளிச் சுவரில் ஒட்டவும் தொடங்கிய பின்னர், 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் சென்று சேர்ந்தது. அதே காலத்தில் வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் நடந்தன; முழுப் புகழும் நாளிதழுக்கு உரியதல்ல. பிரேசில் 2003இல் எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்பதைக் குலுக்கலில் எடுத்து, முடிவுகளை வெளியிட்டது. ஊழல் வெளியான மேயர்கள் அடுத்த தேர்தலில் வாக்கிழந்தார்கள். உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் அதிகமாக இழந்தார்கள்.

செயலிகளில் நம்பிக்கை வைப்பவர்கள் இங்கே அதிகம். வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் தொழிலாளர் வருகையை நாளுக்கு இருமுறை படத்துடன் கைபேசிச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாயிற்று. 2025இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டிவந்தது. தொடர்பில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் ஏறுவதை அது குறிப்பிட்டது. இன்னொரு பக்கம், சிக்னல் கிடைக்காததால் உண்மையாக வேலை செய்தவரின் கூலி நின்றது. படம் பயனற்றது என்பது என் கருத்தல்ல. ஒரு கிணறு இருக்கிறது என்பதற்குப் புவிக்குறியிட்ட படம் நல்ல சான்று. அதன் உறை எத்தனை அடி இறங்கியது என்பதற்கு அது சான்றாகாது.

பணம் சரியாகச் செலவாயிற்றா என்பதிலேயே நம் கவனமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. செலவானது பயன்பட்டதா என்பது மதிப்பீட்டின் கேள்வி. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்ச ரூபாய் ஒதுக்கி, ஊர்தோறும் நூலகம் கட்டினார்கள். அருமையான எண்ணம். கட்டடம் முடிந்ததும் கணக்கில் பணி முடிந்தது. நூலகர், நாளிதழ், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு நிலையான வழி இல்லாமல் எத்தனையோ நூலகங்கள் பூட்டிக் கிடந்தன. ஒரு தணிக்கைத் தடையும் எழாமல் ஒரு பணி முழுதாக வீணாகலாம் என்பதற்கு அந்தப் பூட்டுகளே சாட்சி. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. மேடைகளில் அதிகம் ஒலிப்பது குழாய்களின் எண்ணிக்கை. மே மாதத்தில் கடைசித் தெருவின் கடைசி வீட்டில் எத்தனை குடம் பிடிக்க முடிகிறது என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டால்தான் 55 லிட்டருக்குப் பொருள் உண்டு. அதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. கட்டி முடித்த ஓராண்டிலும் மூன்றாண்டிலும் போய்ப் பார்ப்பது என்ற விதியும், அதற்கான சிறு தொகையும் எஸ்டிமேட்டிலேயே இருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, புதிய குழு ஒன்றை அமைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையிலுள்ள சட்டத்திலேயே செய்யக்கூடியவை நிறைய. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணம் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. கோட் கிரானாவிலிருந்து வந்த சட்டம் அல்லவா, அதற்குச் சிமெண்டும் மணலும் தெரிந்திருக்கிறது. இந்த உரிமையைத் தமிழ்நாட்டில் நாம் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம்.

கான்கிரீட் போடும் நாளை முந்திய நாளே தண்டோராவிலோ ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிக்க வேண்டும். மூடுவதற்கு முன் தெருக்காரர் இருவர் முன்னிலையில் டேப் பிடித்து அளந்து, அவர்கள் கையெழுத்தும் எம்-புக்கின் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் பணியிடத்துப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எந்தப் பணியைத் தோண்டிப் பார்ப்பது என்பதை மாவட்ட அளவில் குலுக்கி எடுத்து, வேறு மாவட்டத்துப் பொறியாளரை அனுப்ப வேண்டும். அவருடைய படியை ஒப்பந்ததாரரோ ஒன்றியமோ தரக் கூடாது. கிராம சபையின் முதல் பொருளாக, போன கூட்டத்தில் எழுந்த ஒவ்வொரு குறைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் எழுத்தில் தரும் பதில் வாசிக்கப்பட வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அந்தப் பணியின் கடைசித் தவணையையும் ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையையும் விடுவிக்கக் கூடாது.